பலூன் இணையம் எங்கே போனது?

2015 ஆம் ஆண்டு ஜூலை மாதம் வந்த ஒரு செய்தி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கூகிள் கம்பனி வானத்தில் பலூன் விட்டு இலங்கை முழுவதற்கும் இணையம் தரப்போகிறது என்றார்கள். மூலைமுடுக்கெல்லாம் இணையம் கிடைக்கும் உலகின் முதல் நாடு நாங்கள்தான் என்றும் பேச்சு அடிபட்டது. நம் மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரையிலும் வெல்லாவெளியிலும் இனிச் சிக்னல் தேடி அலைய வேண்டியதில்லை என்று நம்பியவர்கள் உண்டு.

இணையம் தரும் பலூன் வரவே இல்லை. அது என்ன பலூன், யார் செய்தது, ஏன் நின்றது என்று பார்ப்போம். அதைவிட முக்கியமாக, நாளைக்கு இதுபோல இன்னொரு அறிவிப்பு வந்தால் நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் பார்ப்போம்.

முதலில், இதைச் செய்தவர்கள் யார்? கூகிளுக்கு உள்ளேயே 2010 இல் தொடங்கிய ஓர் ஆய்வுகூடம். பெயர் எக்ஸ். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் இருக்கிறது. தொடக்கத்தில் செபஸ்தியன் த்ருன் என்ற கணினி விஞ்ஞானி அதை நடத்தினார். பிறகு ஆஸ்ட்ரோ டெல்லர் பொறுப்பேற்றார். 2015 இல் கூகிள் தன் கம்பனிகளையெல்லாம் அல்பபெட் என்ற தாய்க் கம்பனியின் கீழ் கொண்டுவந்தபோது, எக்ஸும் அதன் கீழ் வந்தது.

டுவிட்டரின் புதுப் பெயரும் எக்ஸ்தானே என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. டுவிட்டர் அந்தப் பெயரை 2023 இல்தான் வைத்துக்கொண்டது.

அங்கே என்ன வேலை நடக்கிறது? கோடிக்கணக்கான மக்களைத் தொடும் ஒரு பிரச்சினையை எடுப்பார்கள். அதற்கு இதுவரை யாரும் துணியாத ஒரு வழியை யோசிப்பார்கள். அந்த வழி நடக்குமா என்று காட்ட ஏதாவது ஒரு தொழில்நுட்பத்தின் நுனியாவது கையில் இருக்க வேண்டும். இவை மூன்றும் சேர்ந்தால் வேலை தொடங்கும். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார் அங்கே பிறந்து, இன்று வேமோ என்ற தனிக் கம்பனியாக அமெரிக்க நகரங்களில் ஆட்களை ஏற்றிச் செல்கிறது. பொதி கொண்டுபோகும் டிரோன், கண்ணில் மாட்டும் கணினி என்று இன்னும் பல உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

நமக்கு வேண்டியது அந்த ஆய்வுகூடத்தின் இன்னொரு பழக்கம். ஒரு வேலையில் மிகக் கடினமான பகுதி எதுவோ, அதைத்தான் முதலில் தொடுவார்கள். அது சரிவராது என்று தெரிந்தால் உடனே மூடிவிடுவார்கள். கடல்நீரிலிருந்து எரிபொருள் செய்யும் திட்டம் ஒன்று இருந்தது. எரிபொருள் வந்தது. ஆனால் அதன் விலையைப் பெட்ரோல் விலைக்குக் கொண்டுவர முடியாது என்று கணக்குச் சொன்னதும் 2016 இல் நிறுத்தினார்கள். பட்டம் பறக்கவிட்டு மின்சாரம் எடுக்கும் மக்கானி என்ற திட்டத்தை 2020 இல் அல்பபெட் கைவிட்டது. தங்கள் திட்டம் தேறாது என்று தாங்களே கண்டுபிடித்து முடித்துவைக்கும் குழுவுக்கு எக்ஸ் ஊக்கத்தொகைகூடக் கொடுக்கிறது.

ஓர் ஆய்வுகூடத்துக்கு இது நல்ல பழக்கம் என்றே நான் நினைக்கிறேன். ஆகாத வேலையில் பத்து வருடம் பணம் கொட்டுவதைவிட இது நேர்மையானது. ஆனால் அதை நம்பிக் காத்திருக்கும் ஊருக்கு இதன் பொருள் வேறு. அங்கே எந்த வேலையும் எந்த நாளும் நிற்கலாம். அப்படி நிற்பது அவர்கள் கணக்கில் தவறே இல்லை. பலூன் கதையைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலூன் எப்படி இணையம் தரும்? திட்டத்தின் பெயர் லூன். 2011 இல் தொடங்கி, 2013 ஜூனில் நியூசிலாந்தில் வைத்து உலகுக்கு அறிவித்தார்கள். பலூன் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும். விமானங்கள் பறக்கும் உயரத்தைவிட அது இரண்டு மடங்கு. கீழே ஒரு பெட்டி தொங்கும். அதற்குச் சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் வரும். உங்கள் போன் பக்கத்துக் கோபுரத்தோடு பேசுவதற்குப் பதிலாக அந்தப் பெட்டியோடு பேசும். அது அடுத்த பலூனுக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததற்கு. கடைசியில் எங்கோ தரையில் உள்ள ஒரு நிலையத்தில் சாதாரண இணையக் கம்பியோடு சேரும்.

காற்று பலூனை அடித்துக்கொண்டு போகாதா? போகும். அதில் இயந்திரமும் இல்லை, சுக்கானும் இல்லை. ஆனால் அந்த உயரத்தில் காற்று அடுக்கடுக்காக வீசுகிறது. ஓர் அடுக்கு கிழக்கே போனால் இன்னொன்று மேற்கே போகும். பலூனுக்குள் இன்னொரு சிறு பை வைத்து, அதில் வெளிக்காற்றை அடைத்தால் கனம் கூடிக் கீழே இறங்கும். திறந்துவிட்டால் மேலே ஏறும். பாய் விரித்த தோணிக்காரர் காற்றுப் பார்த்துப் பிடிப்பதுபோல, கணினி வேண்டிய காற்றைத் தேடிப் பிடிக்கும். இப்படி ஒரு பலூன் 312 நாட்கள் வானத்தில் நின்றிருக்கிறது.

தொடக்கத்தில் பலூன்கள் சில நாட்களிலேயே கசிந்து இறங்கின. காரணம் தேடித் தேடிப் பார்த்தார்கள். பலூன் செய்யும் பாலித்தீன் விரிப்பின்மேல் வேலையாட்கள் நடக்கும்போது காலில் போட்டிருந்த காலுறைகூட ஒரு காரணமாக இருந்தது. மெல்லிய காலுறை விரிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டது. தடித்த, பஞ்சுபோன்ற காலுறையால் ஓட்டை குறைந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று நாம் பேசுவதில் பெரும்பாலான நாட்கள் இப்படிப்பட்ட வேலையில்தான் போகின்றன. அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, இலங்கையில் என்ன நடந்தது? 2015 ஜூலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் (அரசின் கணினித் துறை நிறுவனம்) கூகிளோடு ஓர் உடன்படிக்கை செய்தது. 2016 பெப்ரவரியில் தென்னமெரிக்காவிலிருந்து ஏவிய பலூன் ஒன்று இலங்கை வான்பரப்புக்குள் வந்ததாக முகவர் நிலையத்தின் தலைமை அதிகாரி முகுந்தன் கனகே அறிவித்தார். கூகிளோடு சேர்ந்து ஒரு கூட்டுக் கம்பனி அமைத்து, அரசு முதல் போடாமலே அதில் 25 வீதப் பங்கு எடுக்கும் என்றும் சொல்லப்பட்டது.

அதே வாரத்தில் கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பலூன் ஒன்று சுருங்கிக் கிடந்ததை மக்கள் கண்டார்கள். விழுந்துவிட்டது என்று செய்தி பரவியது. திட்டமிட்டு இறக்கியதுதான் என்று அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள். லூன் பலூன்கள் ஆயுள் முடிந்ததும் பாரசூட்டோடு தரை இறங்கும்படிதான் செய்யப்பட்டிருந்தன.

அப்புறம் ஏன் நின்றது? தொழில்நுட்பம் தடுக்கவில்லை. அனுமதி தடுத்தது. போன் பேச ஓர் அலைவரிசை வேண்டும் (அலைவரிசை என்பது வானொலி அலைகள் போவதற்கு ஒதுக்கிய பாதை). ஒவ்வொரு நாடும் தன் அலைவரிசைகளைப் பிரித்துத் தொலைபேசிக் கம்பனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கு அந்தக் கம்பனிகள் பணம் கட்டியிருக்கின்றன. கோபுரம் நட்ட இடத்தில் நிற்கும். பலூன் நிற்காது, அதன் அலை கடலைத் தாண்டிப் பக்கத்து நாட்டிலும் விழலாம். அதனால் நாடுகளுக்கிடையே ஒரு பொது உடன்பாடு தேவை. 2017 பெப்ரவரியில் துறை அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (அலைவரிசை விதிகளை நாடுகளுக்கிடையே வகுக்கும் ஐ.நா. அமைப்பு) விதிகளுக்கு உட்பட்டு லூனுக்கு அலைவரிசை ஒதுக்க வழி கிடைக்கவில்லை என்று சொன்னார். அதன்பின் பேச்சு மெல்ல அடங்கிவிட்டது.

வேறு நாடுகளில் ஓடியதா? ஓடியது. 2017 இல் பெரு நாட்டில் வெள்ளம் வந்தபோதும், அதே ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவைச் சூறாவளி அடித்துக் கோபுரங்கள் சாய்ந்தபோதும், பலூன்கள் போய் மக்களை இணைத்தன. 2020 ஜூலையில் கென்யாவில் ஏறத்தாழ 35 பலூன்களோடு கட்டணச் சேவையே தொடங்கியது. ஆறே மாதம். 2021 ஜனவரியில் அல்பபெட் லூனை மூடுவதாக அறிவித்தது. செலவைப் போதிய அளவு குறைக்க முடியவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

ஆகவே, 2016 இல் இலங்கைக்கு எல்லா அனுமதியும் கிடைத்திருந்தாலும், இன்று உங்கள் தலைக்கு மேல் பலூன் இருந்திருக்காது. அதை நம்பிக் கோபுரம் கட்டாமல் விட்டிருந்தால், 2021 இல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை இரண்டும் இல்லாமல் நின்றிருக்கும்.

இலவசமாகத் தருவதாகச் சொன்னார்களே என்ற சந்தேகம் பலருக்கு இன்னும் இருக்கிறது. லூன் உங்களுக்கு நேரே விற்பதாகவோ இலவசமாகத் தருவதாகவோ இருக்கவில்லை. தொலைபேசிக் கம்பனிகள் லூனிடமிருந்து மொத்தமாக வாங்கி, உங்களிடம் வழமைபோல ரீலோட்டுக்கும் டேட்டாவுக்கும் காசு வாங்கும். கோபுரம் இல்லாத இடத்திலும் சிக்னல் கிடைத்திருக்கும், கட்டணம் வழமைபோலத்தான். சிக்னல் இருந்தும் டேட்டா போடக் காசில்லாத வீட்டுக்கு, அல்லது மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன் உள்ள வீட்டுக்கு, பலூன் எதையும் மாற்றியிருக்காது. 2020, 2021 இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது நாட்டின் பல இடங்களில் பிள்ளைகள் பாடத்துக்காக மேட்டிலும் மரத்திலும் ஏறினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து எல்லோரும் சிக்னலைப் பற்றிப் பேசினோம். போனே இல்லாததால் மரத்தில் ஏற வேண்டிய தேவையே வராத பிள்ளையை யாரும் படம் எடுக்கவில்லை.

லூன் மூடியதோடு எல்லாம் வீணா? இல்லை. நம் மட்டக்களப்பு வாவிக்கு உண்மையில் பொருந்தக்கூடிய ஒன்று அதிலிருந்துதான் வந்தது.

ஒரு பலூனிலிருந்து இன்னொரு பலூனுக்குத் தகவல் அனுப்ப, அந்தக் குழு ஒளிக்கற்றையைப் பயன்படுத்திப் பார்த்தது. 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த பலூன்களை அப்படி இணைத்தார்கள். வானத்தில் முடிந்தால் தரையில் ஏன் முடியாது என்று கேட்டபோது பிறந்ததுதான் தாரா என்ற திட்டம். அதை நடத்துபவர் சென்னையில் வளர்ந்த மகேஷ் கிருஷ்ணசாமி. லூனில் வேலை பார்த்தவர். 2025 மார்ச்சில் தாரா எக்ஸிலிருந்து பிரிந்து தனிக் கம்பனி ஆயிற்று.

அது எப்படி வேலை செய்கிறது? ஃபைபர் கம்பியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள் (ஒளியைத் தனக்குள் ஓடவிட்டுத் தகவல் கொண்டுபோகும் கண்ணாடி இழை). அந்த ஒளியைக் கம்பிக்குள் அடைக்காமல் வெறும் காற்றிலேயே அனுப்புகிறார்கள். சந்தியில் நிற்கும் சிக்னல் விளக்கு அளவில் ஒரு பெட்டி ஒரு கோபுரத்தில். அதற்கு நேர் எதிரே இன்னொரு பெட்டி மறு கோபுரத்தில். காற்றில் கோபுரம் ஆடினாலும் கற்றை விலகாதபடி உள்ளே இருக்கும் கண்ணாடிகள் நொடிக்கு நொடி திரும்பித் திருத்திக்கொள்ளும். கற்றை கண்ணுக்குத் தெரியாது. 20 கிலோமீட்டர் தூரம்வரை, பெரிய ஃபைபர் இணைப்பு ஒன்றின் வேகத்தில் தகவல் போகும்.

ஆப்பிரிக்காவில் கொங்கோ ஆற்றின் இரு கரைகளில் பிரசாவில், கின்சாசா என்ற இரண்டு தலைநகரங்கள் உள்ளன. நேரே பார்த்தால் 5 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஆறு ஆழம், இழுவை அதிகம். கம்பி போடுவதென்றால் 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவர வேண்டும். 2021 இல் தாரா அந்த ஆற்றுக்கு மேலாக ஒளிக்கற்றை ஒன்றைப் பிடித்தது. 20 நாட்களில் ஏறத்தாழ 700 டெராபைட் (ஒரு டெராபைட் என்பது ஆயிரம் கிகாபைட்) கடந்து போனது, 99.9 வீத நேரம் இணைப்பு அறுபடவில்லை.

இப்போது நம் பக்கம் வாருங்கள். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். கடல் பக்கம் எழுவான்கரை: ஏறாவூர், மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் நெருங்கி நிற்கின்றன, நெடுஞ்சாலையும் அந்தக் கரையில்தான். மேற்கே படுவான்கரை: வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி. வயலும் குளமுமாக ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. கடக்கப் பாலங்கள் சிலதான். மண்முனைப் பாலமே 2014 இல்தான் திறந்தது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இன்றும் பாதையில்தான் (இயந்திரம் பூட்டிய மிதவை) சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் ஏறுகிறார்கள்.

அந்தத் துறையில் நின்று பார்த்தால் மறுகரை நன்றாகத் தெரியும். ஒளிக்கற்றைக்கு வேண்டியதும் அதுதான், நேர்ப்பார்வை. இடையில் மலை இல்லை, மாடிக்கட்டடம் இல்லை, தண்ணீர்தான். கம்பி புதைக்கத் தரையைத் தோண்ட வேண்டாம். வயல்காரரிடம் அனுமதி கேட்டு நிற்கவும் வேண்டாம்.

குறை என்ன? மூடுபனி ஒளியை நன்றாகத் தடுக்கும். கனமழையும் ஓரளவு தடுக்கும். வடகீழ்ப் பருவத்தில் இங்கே மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட நேரத்துக்குத் துணையாகச் சாதாரண வானொலி இணைப்பு ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, இந்த ஒளி உங்கள் போனுக்கு நேரே வராது. கோபுரம்வரைதான் வரும். கோபுரத்திலிருந்து போனுக்கு வழமையான சிக்னல்தான். நான்கு கோடு காட்டியும் படம் ஓடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? கோபுரத்துக்குப் பின்னால் உள்ள இணைப்பு போதாமல் நெருக்கடிப்படுவது அதற்கு ஒரு பெரிய காரணம். அந்தச் சிக்கலைத்தான் தாரா போன்றவை தீர்க்கும்.

இது நமக்கு வரப்போகிறது என்று நான் சொல்லவில்லை. தொலைபேசிக் கம்பனிகளும் அரசும் கேட்டால்தான் வரும். ஆனால் கேட்கத் தகுந்த பொருள். 2023 இல் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு சிற்றூரில்கூட இதைப் பொருத்தினார்கள். ஏர்டெல் கம்பனி இந்தியாவில் இதைப் பயன்படுத்த உடன்பட்டிருக்கிறது. வாவி இருக்கும் மாவட்டம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே, இனி எதற்கு இதெல்லாம் என்பீர்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவை தொடங்கியது உண்மைதான். அது பலூனைவிட மிக உயரத்தில், ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களால் இயங்குகிறது. ஆனால் வீட்டுக்கு ஒரு டிஷ் வாங்க வேண்டும். மாதக் கட்டணமும் நம் சராசரிக் குடும்பத்துக்கு எட்டாது. ஒரு வீட்டுக்கு வாங்குவதைவிட, ஒரு பள்ளிக்கூடத்துக்கோ கிராமிய வைத்தியசாலைக்கோ பொதுவாக ஒன்று வைப்பது புத்தி. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட மாவட்டம் இது. கோபுரமும் கம்பியும் ஒருசேரச் சாய்ந்தால் வெளியே தகவல் சொல்ல, தரையை நம்பாத ஓர் இணைப்பாவது ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருப்பது நல்லது. பெருவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் பலூன் உதவியது அப்படி ஒரு நேரத்தில்தான்.

இனி, அடுத்த அறிவிப்பு வரும்போது என்ன கேட்பது? இது பரிசோதனையா, சேவையா என்று முதலில் கேளுங்கள். பரிசோதனை என்றால் எந்த நாளும் நிற்கலாம். அலைவரிசை அனுமதி கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். உடன்படிக்கையில் கையொப்பம் வைத்தார்கள் என்பது அனுமதி ஆகாது. 2015 இல் நாம் எல்லோரும் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். மாதம் எவ்வளவு, யாருக்குக் கட்டுவது என்று கேளுங்கள். அது நின்றுபோனால் அந்த ஊருக்கு மாற்று என்ன என்பதையும் எழுத்தில் கேட்கலாம். கேட்பதற்கு உங்கள் பிரதேச சபை உறுப்பினர் போதும், கொழும்புக்குப் போக வேண்டாம்.

வானத்திலிருந்து ஏதாவது பெட்டியோ பலூனோ உங்கள் வயலிலோ வாவியிலோ விழுந்தால் என்ன செய்வது? வானிலை ஆய்வாளர்கள் ஏவும் சிறு பலூன்களும் இப்படி விழுவதுண்டு. பிரித்துப் பார்க்காதீர்கள், மின்கலம் தீப்பிடிக்கலாம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

உங்கள் ஊரில் இன்றைக்குச் சிக்னல் இல்லையென்றால், எந்தக் கண்டுபிடிப்புக்கும் காத்திருக்காதீர்கள். ஊரின் பெயர், எந்தக் கம்பனியின் சிம், பேச முடியவில்லையா அல்லது டேட்டா மட்டும் ஓடவில்லையா, எந்த நாள், எந்த நேரம் என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒரு வீடு எழுதினால் கவனிக்க மாட்டார்கள். இருபது வீடுகள் ஒரே கடிதத்தில் கையொப்பம் வையுங்கள். முதலில் அந்தத் தொலைபேசிக் கம்பனிக்குக் கொடுத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். பதில் வராவிட்டால், அந்த இலக்கத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.